பன்னிரண்டு தப்படி தள்ளி

நீங்கள் கோல்ஃப் பார்ப்பதுண்டா அக்கா? இல்லையா? டிவியில்கூட? உங்கள் வீட்டில் யாராவது ஆடுவார்களா, இல்லை மைதானத்தில் யாருக்காவது வேலையா? சரி. அப்படியானால் சொல்லலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். சத்தியமங்கலம் வரைக்கும் வாய் திறக்கவில்லை. நான் சட்டென்று பேசுகிற ஆள் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. ஆனால் பார்ப்பேன். பார்ப்பதற்கு வாய் வேண்டாமே.

நானும் மைசூருக்குத்தான். அங்கே நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு ஆட்டம். நான் வருவது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு உங்களிடம் ஒரு உதவி கேட்பேன். முடியும், முடியாது என்று அப்புறம் சொல்லுங்கள்.

அவர் பெயர் தினகரன். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதுதான் என் வருத்தமே. அவருடைய அப்பா ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டியவர். இவர் ஒன்பது வயதில் யாரோ தூக்கிப் போட்ட மட்டையை வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக அடித்துப் பழகியவர். இன்றைக்கு அவரைப் போல நேராக அடிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனைவி என்பதால் சொல்லவில்லை. நான் புள்ளியியல் எம்.எஸ்ஸி. எண் இல்லாமல் எதையும் சொல்ல மாட்டேன்.

இந்த ஆட்டத்தில் தூரத்திலிருந்து அடித்துப் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். குழியைச் சுற்றி வழவழவென்று புல்தரை இருக்கும், கிரீன் என்பார்கள். அங்கே வந்த பிறகு பலம் வேண்டாம். மெல்லத் தட்டி உருட்டிவிட வேண்டியதுதான். பதினெட்டுக் குழியையும் யார் குறைந்த தடவை அடித்து முடிக்கிறாரோ அவர்தான் ஜெயித்தவர். ஐந்தடி தூரம் என்று வையுங்கள். நம் ஸீட்டிலிருந்து அந்தக் கதவு வரைக்கும்கூட இல்லை. வீட்டில் கம்பளம் விரித்து உருட்டினால் நூற்றுக்கு நூறு. பயிற்சி மைதானத்தில் தொண்ணூற்றாறு. போட்டி என்றால் நான்கு நாள். முதல் இரண்டு நாள் பத்துக்கு ஒன்பது விழும். மூன்றாம் நாள் எட்டு. கடைசி நாள் ஆறு. நான்கு வருடமாக இதே கதை. மூன்று தடவை மூன்றாம் நாள் முடிவில் அவர்தான் முதலிடம். மறுநாள் சாயங்காலம் கோப்பை வேறு யார் கையிலோ.

கை அதே கை, மட்டை அதே மட்டை. அப்புறம் எப்படி? யாரோ ஏதோ செய்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடிக்கத்தான் நான் நோட்டுப் போட்டேன்.

நீள நோட்டு. ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு வரி. எத்தனை அடி தூரம், ஏற்றமா இறக்கமா, காற்று எந்தப் பக்கம், காலையில் என்ன சாப்பிட்டார், என்ன கலர் சட்டை, பக்கத்தில் யார் நின்றார்கள், யார் இருமினார்கள், யார் நிழல் எங்கே விழுந்தது. பதினேழு கட்டங்கள். இதுவரை ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு வரிகள். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். லீவு போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் வேலையையே விட்டுவிட்டேன். அவர் விடச் சொல்லவில்லை. நானும் அவரிடம் உங்களுக்காக விட்டேன் என்று சொல்லிக்காட்டியதில்லை. ராஜினாமாக் கடிதத்தின் நகல்கூட அலமாரியில், அவர் சட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு நாளும் எடுத்துக் காட்டியதில்லை.

எல்லாப் போட்டிக்கும் கூடவே போவேன். ஒவ்வொரு கிரீனிலும் வலது பக்கம், பன்னிரண்டு தப்படி தள்ளி நிற்பேன். எப்போதும் அதே இடம். எதற்கென்றால், தலையைத் திருப்பினால் நம் ஆள் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிமார்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்வாள். ஒருத்தி தவறிவிட்டால் அங்கேயே அழுதுவிடுவாள். நான் முகத்தில் எதையும் காட்ட மாட்டேன். இமைக்கக்கூட மாட்டேன். பந்து விழுந்தால் மனதில் வைத்துக்கொள்வேன், ரூமுக்குப் போய் டிக் போட்டுக்கொள்ளலாம். விழாவிட்டால் மட்டும் அங்கேயே நோட்டைத் திறந்து எழுதிவிடுவேன். சூட்டோடு எழுதாவிட்டால் விவரம் மறந்துவிடும். அவர் பந்து தவறியதும் முதலில் என் பக்கம்தான் பார்ப்பார். நான் எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை அக்கா, நான்கு வருடத்தில்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மட்டும், அந்த வாரம் தவறியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி அவர் ஷூவுக்குப் பக்கத்தில் வைப்பேன். படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். படிப்பதும் படிக்காததும் அவர் விருப்பம். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் ஆடப் போவார்.

நோட்டில் முதலில் சிக்கியது ஹரியானாக்காரன் ஒருவன். இவரோடு சேர்த்து ஆட விட்டால் போதும், இவர் உருட்டப் போகிற நேரம் பார்த்துத்தான் கையுறையைச் சர்ரென்று பிரிப்பான். அப்படி ஏழு தடவை தவறியதைக் குறித்து வைத்தேன். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவன் பிரித்தபோது விழுந்தது பன்னிரண்டு, விழாதது ஏழு. அது போதாது. அதற்காக அவன் யோக்கியன் என்று சொல்ல மாட்டேன். கூட்டாளி யாராவது இருக்கலாம்.

அப்புறம் பொன்னுச்சாமி அண்ணன். அவர்தான் இவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவர். கேடி என்பார்கள், சிரிக்காதீர்கள், அதுதான் அந்த வேலைக்குப் பெயர். பந்து எந்தப் பக்கம் வளையும் என்று இவருக்கு அவர்தான் சொல்ல வேண்டும். தவறியதில் பாதிக்கு மேல் அவர் சொன்ன பக்கத்தில் உருட்டித் தவறியது. சரியாக விழுந்ததும் அவர் சொன்ன பக்கம்தான் என்று வையுங்கள், ஆனால் அதை யார் கணக்கில் எடுப்பார்கள்? ஒரு நாள் டீக்கடையில் தனியாகப் பிடித்து நேரடியாகவே கேட்டுவிட்டேன், யாரிடமாவது ஏதாவது வாங்கிக்கொண்டு தப்பாகச் சொல்கிறீர்களா என்று. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, வாங்கற சாமர்த்தியம் இருந்தா நான் எதுக்கு அம்பத்திநாலு வயசுல இந்த மூட்டையத் தூக்கிட்டுத் திரியறேன்?"

சிரித்துச் சமாளிக்கிறவர்களைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். அதையும் எழுதி வைத்தேன்.

போன ஆடி மாதத்திலிருந்து இவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். செவ்வாய், வெள்ளி. ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை. கீழே இறங்கி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. துணி எடுக்கிற சாக்கில் போய் நின்றேன். மறுமுனையில் பெண் குரல். இவர் சொல்கிறார், "கை நடுங்கறது இல்லீங்க. கை என்னுதா இல்லாமப் போகுது." துணியெல்லாம் ஈரமாகவே இருந்தது, இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட்டேன். மறைக்கவில்லை, சொல்லிவிட்டார். விளையாட்டுக்காரர்களுக்கு மனப் பயிற்சி கொடுக்கிற ஷெரின் மேடம் என்று ஒருவர், சென்னையில் இருக்கிறார். அப்படியானால் ஏன் மாடிக்குப் போய்ப் பேச வேண்டும்?

அந்த மேடம் கோயம்புத்தூர் வந்தபோது என்னையும் பார்க்க வேண்டும் என்றார்களாம். போனேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். நல்ல களையான முகம். அரை மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு கவனமாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் நோட்டை மூடி, அதன் மேலே கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"இதுல நீங்க போகாத ஆட்டம் எது எது இந்துமதி?"

அப்படி எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன் என்றேன். கேள்வியே எனக்குப் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு அம்மை போட்டிருந்தபோது கொல்கத்தாவில் ஒரு போட்டி. அதற்கு மட்டும் போகவில்லை. அதில் இவர் எத்தனையாவது வந்தார் என்று கேட்டார். மூன்றாவது. கடைசி நாள் முடிவில் அவருடைய பெயர் முதல் ஐந்துக்குள் வந்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். நேரில் பார்க்காத தகவலைச் சேர்க்கக் கூடாது மேடம், எங்கள் பாடத்தில் முதலில் அதைத்தான் சொல்லித்தருவார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை.

சரியாக அடுத்த வாரம் இவர் கேட்கிறார். வருடத்தின் கடைசிப் போட்டி, சென்னையில். அதில் முதல் பத்துக்குள் வந்தால்தான் அடுத்த வருடம் ஆட அட்டை கிடைக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் தகுதிச் சுற்று. அப்படிப்பட்ட போட்டி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, "இந்த ஒரு தடவை நீ வராம இரேன் இந்து" என்றார். யார் சொல்லிக்கொடுத்த வாக்கியம் என்று எனக்குத் தெரியாதா? சரி என்றேன். மறுபேச்சு பேசவில்லை. ரசம் ஊற்றினேன்.

முதல் மூன்று நாள் போகவில்லை. சத்தியமாக அக்கா. போனில் எண்கள் வரும், பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது, ஏழாவது, ஆறாவது. யார் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ, என்னென்ன செய்கிறார்களோ, எண்ணில் அது தெரியாதே. கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் ரயில் ஏறிவிட்டேன். வர மாட்டேன் என்றுதானே சொன்னேன், அவர் கண்ணில் படாவிட்டால் வராத மாதிரிதான். தொப்பி, மாஸ்க், அவர் பார்த்தே இராத ஒரு சுடிதார். கிரீன் பக்கம் போகவே இல்லை. தூரத்தில் மரங்களுக்கு நடுவிலேயே நடந்தேன்.

என்ன ஆட்டம் தெரியுமா அன்றைக்கு! பதினைந்து குழி முடிந்தபோது அவர் ஐந்தாம் இடத்தில் இருந்தார். மீதி மூன்றே மூன்று. இரண்டு உருட்டலுக்கு நடுவில் பொன்னுச்சாமி அண்ணன் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கடைசி நாளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆட்டத்தில் கவனம் போய்விட்டதோ என்று பயந்தேன்.

பதினாறாவதில் முதல் அடி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் நின்ற பக்கம். பந்து ஒரு பனைமரத்தில் பட்டுத் தெறித்து, காய்ந்த ஓலைக் குவியலுக்குள் விழுந்தது. எனக்கு எட்டடி தூரத்தில். அங்கே வேறு யாரும் இல்லை. அவர்கள் வந்து முப்பது அடி அந்தப் பக்கம் தேடுகிறார்கள். தேட ஆரம்பித்து மூன்று நிமிடத்துக்குள் பந்து கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தொலைந்ததுதான், முதலிலிருந்து அடிக்க வேண்டும், மட்டையடிக் கணக்கில் இரண்டு அடி நஷ்டம். மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் வாட்சைப் பார்க்கிறேன். ஒரு நிமிடம். ஒன்றரை. இவர் முட்டி போட்டுப் புதருக்குள் கையை விட்டுத் தேடுகிறார். பொன்னுச்சாமி அண்ணன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அது ஏன் திரும்பவில்லை என்று எனக்கு இன்றைக்கும் கேள்வி இருக்கிறது. இரண்டு நிமிடம். நான் வெளியே வந்தால் வாக்குத் தவறியவள். வராவிட்டால் அவருடைய பந்து போகிறது. பெண்டாட்டி என்று இருந்து எதற்கு? இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் வெளியே வந்து ஓலைக்குப் பக்கத்தில் நின்று, பேனாவால் காட்டினேன். பேசவில்லை. மாஸ்க்கைக்கூடக் கழற்றவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

கல்லூரியில் தேர்வு நடக்கும்போது பறக்கும் படை உள்ளே நுழைந்தால், பிட் எதுவும் வைத்திருக்காத பெண்கள்கூட ஒரு வினாடி தங்கள் கையைப் பார்ப்பார்கள். நான் கண்காணிப்பாளராக நின்று பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி அவர் தன் கையைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நன்றி என்றார். என்னிடம், ஏதோ முன்பின் தெரியாதவளிடம் சொல்வது போல.

ஓலைக்குள்ளிருந்து அடித்தார் பாருங்கள், அப்படி ஓர் அடியை நான் பார்த்ததே இல்லை. நேராகக் கிரீனில் போய், குழிக்கு ஐந்தடியில் நின்றது. அதுதான் திறமை. அதை யாராலும் எடுக்க முடியாது. இனி மறைந்து நிற்பதில் அர்த்தமில்லை என்று நானும் கிரீனுக்குப் போய் என் இடத்தில் நின்றேன். நம் ஆள் இருக்கிறாள் என்று தெரியட்டும். முதல் உருட்டல் விளிம்பில் சுற்றி வெளியே வந்தது. இரண்டாவது இந்தப் பக்கம் விலகிப் போனது. மூன்றாவதில் விழுந்தது. பதினேழாவதில் பந்து தண்ணீருக்குள். பதினெட்டில் மறுபடியும் ஐந்தடியில் ஒன்று தவறியது. மொத்தம் ஐந்து அடி நஷ்டம். இருபத்து மூன்றாவது இடம். அட்டை போய்விட்டது.

காருக்கு வந்தோம். பொன்னுச்சாமி அண்ணன் பையை டிக்கியில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல், சத்தமே இல்லாமல் சொன்னார்:

"பந்து கெடைக்காமயே இருந்திருக்கலாம் இந்து."

எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கணக்குப் போட்டும் பார்த்தேன். பந்து தொலைந்திருந்தால் இரண்டே அடிதான் நஷ்டம், ஒன்பதாவது வந்திருப்பார், அட்டை கிடைத்திருக்கும். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஒரு ஆட்டக்காரர் தன் பந்து தொலையட்டும் என்று ஆசைப்படுவாரா? அது அவருடைய வார்த்தையே இல்லை. யாரோ உள்ளே போட்டு வைத்த வார்த்தை.

இப்போது இந்தத் தகுதிச் சுற்று. நாளைக்குக் கடைசி நாள். முதல் முப்பது பேருக்கு அட்டை. கிடைக்காவிட்டால் இவர் ஆட்டத்தையே விட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். பேசி முடித்தாகிவிட்டது. முப்பத்திரண்டு வயதில். கிளம்பும்போது வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் வழியனுப்பப் போனபோது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் முடிந்துவிட்டது. பதினொன்றாவது இடம். ஐந்தடிக்குள் இருபத்தெட்டில் இருபத்தேழு விழுந்ததாகப் பொன்னுச்சாமி அண்ணன் போனில் சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை. மைதானம் சுலபமோ என்னவோ.

நான் கேட்கிற உதவி இதுதான் அக்கா. நீங்கள் உங்கள் மகளிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. நாளைக்கு அவளுக்கு ஆபீஸ், உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. உங்களை அவருக்குத் தெரியாது. நீங்கள் மைதானத்துக்குப் போக வேண்டும். வண்டிச் செலவு என்னுடையது. ஒவ்வொரு கிரீனிலும் வலது பக்கம், பன்னிரண்டு தப்படி. சும்மா நின்றால் போதும். அவர் தவறவிட்டால் மட்டும் இதில் ஒரு வரி எழுதிவிடுங்கள். புது நோட்டு, கட்டமெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்தால் சிரித்துவிடாதீர்கள். அது ஒன்றுதான் முக்கியம்.

போவீர்களா? நல்லது அக்கா. என்ன, நோட்டு வேண்டாமா? நோட்டு இல்லாமல் எதற்குப் போக வேண்டும்? என்ன கேட்டீர்கள்? இந்த வளைவில் பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

பந்து விழுந்தால் கைதட்டலாமா என்றா?

கைதட்டவா.

மற்றவர்கள் தட்டுவார்கள். நான்... நான் ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பேனா வைத்திருப்பேனே. இல்லை, தட்டியதில்லை என்று நினைக்கிறேன். அதற்கு நான் கட்டம் போடவில்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவையாவது... கொஞ்சம் இருங்கள், யோசிக்கிறேன்.

இல்லை. நீங்கள் ஏன் அதைக் கேட்டீர்கள்? கோல்ஃபே பார்த்ததில்லை என்று சொன்னவர் எப்படி அதைக் கேட்பீர்கள்? ஸீட்டு இவ்வளவு காலியாக இருக்கும்போது என் பக்கத்தில் வந்து ஏன் உட்கார்ந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. ஷெரின் மேடத்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?